கொக்கிப் புழு சரீரத்தினுள் செல்லும் வழி

மனித சரீரத்தில் சுவாசத்திற்கு ஒரு குழாயும் ஆகாரத்திற்கு ஒரு குழாயும் உள. இவ்விரண்டும் தொண்டையில் சந்திக்கின்றன. இச்சந்திப்பின் வழியாகவே கொக்கிப் புழு குடலைச் சேர்கின்றது.

வெளியிடங்களில் கழிக்கப்படும் மலத்திலுள்ள இப்புழுவின் முட்டைகள், ஈரமும் நிழலும் பொருந்திய மண்ணில் பொரிந்து, சில தினங்களில் கண்ணுக்குப் புலப்படாத நுண்புழுக்களாக வளர்கின்றன. வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து இவை இரத்தத்தில் கலக்கின்றன. எகிப்து தேசத்தில் ஆராய்ச்சி நடத்திய லூஸ் என்னும் ஜெர்மானிய நிபுணர் 1898-ல் இதனை வெளியிட்டார்.

இரத்தம் பிராணவாயுவைப் பெறுதற்பொருட்டு நுரையீரலுக்குச் செல்லுங்கால் புழுவும் உடன் சென்று, அங்குள்ள மெல்லிய காற்றறைகளுள் புகுகின்றது. மூச்சுக்குழாயின் உட்புறத்து நுண்ணிய மயிர்கள் தூசியையும் சளியையும் ஓயாது மேல்நோக்கித் தள்ளுவன. அவை புழுவையும் தொண்டைக்குக் கொணர்கின்றன. உமிழ்நீருடன் விழுங்கப்பட்ட புழு, இரைப்பையைக் கடந்து சிறுகுடலை அடைகின்றது. ஆகாரத்தின் சத்து இரத்தத்தில் சேரும் இடம் அதுவே. அங்கே புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. வயிறார உண்டும் குடியானவர் சோகை பிடித்து, ஏர் பிடிக்க வலுவின்றி இளைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

அல்பெண்டசோல் மாத்திரையால் புழு நீங்கும். இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிச் சிறுவர்க்கு இம்மாத்திரை அளிக்கப்படுகின்றது. ஆயினும் மண் அசுத்தமாயிருக்குமளவும் புழு மீண்டும் பற்றும். ஆதலின் கக்கூஸை உபயோகித்தலும் பாதரட்சை அணிதலும் ஒவ்வொரு கிராமத்தாருக்கும் இன்றியமையாதன.