இன்ஜெக்டரை மாற்றும் முன்

வண்டி ஐடிலிங்கில் குலுங்குகிறது, பிக்கப் இல்லை, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரைச் செருகியதும் பி0201 என்று வருகிறது. "ஒண்ணாம் சிலிண்டர் இன்ஜெக்டர் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். இது அளந்து பார்க்காமல் சொல்லும் தீர்ப்பு. பெரும்பாலான பெட்ரோல் கார்களின் இன்ஜெக்டருக்குள் இருப்பது ஒரு காயிலும் ஒரு ஊசி வால்வும். ஃப்யூஸ், ரிலே வழியாக வரும் 12 வோல்ட் அதன் ஒரு முனையில் எப்போதும் இருக்கும். மறுமுனையை ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எர்த்தோடு இணைக்கும் சில மில்லி செகண்டுகளில்தான் காயில் காந்தமாகி ஊசியைத் தூக்கும், பெட்ரோல் பீய்ச்சும். எர்த்தை விட்டதும் அதே வயரில் 12 வோல்ட் திரும்ப வருகிறதா என்று ஈசியு பார்க்கிறது. வராவிட்டால் அந்த பி0201 எண்ணைப் பதிவு செய்கிறது. எலி கடித்து வயர் அறுந்தாலும் வராது, கனெக்டர் பின் பச்சை பூத்து விட்டுப்போனாலும் வராது, காயில் அறுந்தாலும் வராது. மூன்றையும் பிரித்தறிய ஈசியுவுக்கு வழியே இல்லை. அந்த எண் காட்டுவது ஒரு முழுப் பாதையை. இன்ஜெக்டர் அந்தப் பாதையில் ஒரு பகுதி மட்டுமே.

"மாற்றினோம், சரியாகிவிட்டதே" என்று அனுபவசாலிகள் மறுப்பார்கள். அதைச் சான்றாக ஏற்க முடியாது. இன்ஜெக்டரை மாற்ற வேண்டுமானால் கனெக்டரைக் கழற்றி மாட்டித்தான் ஆக வேண்டும். அந்த உரசலிலேயே பின்மேல் படிந்த அழுக்கு விலகி, தொடர்பு தற்காலிகமாகக் கிடைத்துவிடும். பேர் புது இன்ஜெக்டருக்குப் போகும். சில வாரம் கழித்துப் பழைய குலுக்கல் திரும்பும்போது, அடுத்த சந்தேகம் ஸ்பார்க் பிளக் மீதோ பெட்ரோல் பம்ப் மீதோ விழும். ஒரே கோளாறுக்கு வண்டிக்காரர் இரண்டு மூன்று முறை பணம் கட்டுவது இப்படித்தான், எனக்கு ஆற்றாமை தருவதும் இதுதான்.

அரைகுறைத் தொடர்புதான் இந்தக் கோளாறுகளில் மிகவும் ஏமாற்றக்கூடியது. 14 ஓம் காயிலுக்கு, இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டில் 1 ஆம்பியர் ஓட வேண்டும். கனெக்டரில் 4 ஓம் தடை சேர்ந்தால் அது 0.78 ஆம்பியராகக் குறையும், 3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். ஐடிலிங்கில் ஈசியு எர்த் கொடுக்கும் துடிப்பு மொத்தமே இரண்டு மூன்று மில்லி செகண்டுதான். அதில் ஊசி திறக்கவே ஏறத்தாழ 1 மில்லி செகண்டு போகிறது. காந்தம் பலமிழந்து திறப்பு தாமதமானால் பெட்ரோல் குறையும், மிஸ் அடிக்கும். ஆனால் ஈசியு எதிர்பார்த்த 12 வோல்ட் திரும்பி வந்துவிடுவதால் பி0201 பதிவாகாமலே போகலாம். மிஸ்ஃபயர் எண் பி0301 மட்டும் வரும். மல்டிமீட்டரை கனெக்டரில் வைத்தாலும் 12 வோல்ட் முழுதாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. மின்சாரம் ஓடும்போதுதான் தடை வெளிப்படும். கழற்றிய கனெக்டரின் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 10 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு, அதன் இரு முனையிலும் வோல்ட் பார்த்தால் சப்ளைப் பக்கத்தின் நிலை தெரிந்துவிடும். மறுபக்க வயரில் துடிப்பு வருகிறதா என்பதை இதற்கென்றே உள்ள நாய்டு லைட் காட்டும். பேட்டரி பாசிட்டிவை அந்த வயரில் நேராகத் தொடக் கூடாது. ஈசியுவின் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும்.

காயிலை ஓம் பார்ப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. செம்பு சூடேறினால் தடை கூடும்: 20 டிகிரியில் 12 ஓம் காட்டும் காயில் 90 டிகிரியில் 15 ஓமைத் தாண்டும். நல்ல காயிலை இந்த எண்ணை வைத்தே கழித்துக்கட்டுபவர்கள் உண்டு. நான்கு இன்ஜெக்டரையும் ஒரே சூட்டில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் நம்பகமானது. ஒன்று மட்டும் தனித்து நின்றால், அப்போது மாற்றுங்கள். நான்கும் ஒரேயடியாகச் செத்திருந்தால் ஃப்யூஸையும் ரிலேயையும் முதலில் பாருங்கள்.

இத்தனை அளக்க நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. மெக்கானிக்குக் கூலி வேலைக்குத்தான் கிடைக்கிறது, யோசனைக்குக் கிடைப்பதில்லை. அளப்பதற்கும் கூலி கொடுக்க வண்டிக்காரர் தயாராக வேண்டும். அளவுகளை பில்லில் எழுதிக் கேட்கவும் வேண்டும். வயர்தான் கோளாறு என்று தெரிந்தால், கறுத்த செம்பை வெட்டி, பளபளக்கும் இடம்வரை போய்ச் சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டால் போதும். முறுக்கி டேப் சுற்றுவது இன்ஜின் சூட்டிலும் அதிர்விலும் நிற்காது.

காமன் ரெயில் டீசலில் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். அங்கே காயில் தடை பெரும்பாலும் 1 ஓமுக்கும் கீழ், ஈசியு 60 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிறது, ரெயிலில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டலாம்; கசிவு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஈசியுவே பழுது என்று முடிவானாலும், பெட்ரோலோ டீசலோ, ஷார்ட் ஆன காயில் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும். பழையதை எரித்த அதே காயில் புதியதையும் எரித்துவிடும்.