பெருவிரலில் தெரியும் அடையாளம்

மரபணு மாற்றத்தால் வரும் எலும்பு நோய்களில் கால் விரல்களின் குறை சில வேளைகளில் ஒரு சிறு அறிகுறியாகவே கருதப்படுகிறது. ஆனால், தசையும் தசைநாரும் படிப்படியாக எலும்பாக மாறிவிடும் ஃபைப்ரோடிஸ்பிளாசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரெசிவா என்ற நோயில், அந்த மாற்றம் தொடங்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பிறந்த குழந்தையின் கால் பெருவிரல்கள் இரண்டும் குட்டையாகவும் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்தும் காணப்படுகின்றன.

ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு, இன வேறுபாடின்றி வரும் இந்நோயின் காரணத்தை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் காப்ளான், எய்லீன் ஷோர் ஆகியோரின் குழு 2006இல் கண்டறிந்தது. எலும்பை வளர்க்கும்படி வரும் செய்தியை உயிரணுவில் பெற்றுக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அத்தகைய ஓர் ஏற்பியை உருவாக்கும் ஏ.சி.வி.ஆர்.1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் அது அளவுக்கு மீறிச் செயல்பட, கருவில் பெருவிரல் பிசகி உருவாவதோடு, பின்னாளில் தசையில் படும் காயமும் எலும்பாகிவிடுகிறது. பெரும்பாலோருக்கு இது புதிதாக நேர்ந்த மாற்றமே. ஆகவே கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததையோ குடும்பத்தின் பழைய பாவத்தையோ காரணமாக்குவது அந்தத் தாய்க்கு இழைக்கப்படும் கொடுமையாகும்.

பெரும்பாலும் பத்து வயதுக்குள் கழுத்திலும் முதுகிலும் எழும் வீக்கத்தைப் புற்றுநோய் என எண்ணிச் சதையை அறுத்துச் சோதிப்பதே மிகப்பெரிய கேடு. அறுத்த இடத்திலேயே புதிய எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடும். 2005இல் வெளியான ஆய்வொன்றில், 138 நோயாளிகளில் 87 விழுக்காட்டினருக்கு முதலில் தவறான நோய்ப்பெயரே சொல்லப்பட்டிருந்தது. பலரின் கால்களை யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்பதே இதில் வேதனையானது. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற பாலோவரோடீன் மருந்து புதிய எலும்பு உருவாவதை மட்டுப்படுத்துகிறதே தவிர, நோயைத் தீர்ப்பதில்லை. வளரும் குழந்தைகளின் உயர வளர்ச்சியையும் அது தடுக்கக்கூடும்.

மலேசியாவின் சிரம்பானில் உள்ள தெமியாங் வட்டாரக் குடும்பங்களின் வீடுகளுக்குப் பேறுகாலத்துக்குப் பின் வரும் அரசுத் தாதியரிடமே குழந்தையின் கால்களைக் காட்டலாம். சாய்ந்த விரல் எல்லாம் இந்நோயின் அடையாளம் அல்ல. எனினும் இரு பெருவிரல்களும் பிறவியிலேயே இவ்வாறு இருந்தால், தசையைக் காயப்படுத்தக்கூடிய தடுப்பூசியைத் தொடையில் போடுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் தெரிவித்து, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் மரபணுச் சோதனையும் குறித்துக் கேட்க வேண்டும்.