மூன்று கிலோமீட்டர் தாண்டினால் சுடலாம்

காட்டுப்பன்றி வந்துபோன விளை எப்படி இருக்கும் என்று மரச்சீனி நட்டவர்களைக் கேட்க வேண்டும். யானை வந்தால் சத்தம் கேட்கும், ஊரே எழுந்துவிடும். குரங்கு பகலில் வரும், கல்லெடுத்து விரட்டலாம். பன்றி இருட்டில் கூட்டமாக வந்து, மூக்கால் மண்ணைக் கிண்டி, மூடு மூடாகக் கவிழ்த்துப் போட்டுவிட்டு விடியுமுன் போய்விடும். தின்றது கொஞ்சம், கெடுத்தது அதிகம். வாழையில் புகுந்தால் அடிக்கிழங்கைத் தோண்டும். மரம் சாயும்போது குலை பாதி விளைந்திருக்கும். சேனை, சேம்பு, காச்சில், சிறுகிழங்கு என்று நாஞ்சில் நாட்டு அடுக்களைக்கு எதெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் பன்றிக்கும் வேண்டும். நெல்வயலில் அது தின்பதைவிட உருண்டு புரண்டு சாய்ப்பதே மிகுதி.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கொட்டாரம் காட்டூர் இல்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் பேரூராட்சி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடல். ஆனால் இந்த மாவட்டத்தில் காடு யாருக்கும் ரொம்பத் தூரமில்லை. மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதில் 2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் மட்டும் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல். புலி நடமாடும் காடு அது. அதன் ஓரத்தில் தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை என்று ஊர்கள், ரப்பர் தோட்டங்கள், காணிக்காரர் குடியிருப்புகள். மலையடிவாரத்தில் விளையும் ஏத்தனும் மரச்சீனியும்தான் வடசேரி கனகமூலம் சந்தைக்கும் அங்கிருந்து கடலோரம் வரையுள்ள கடைகளுக்கும் வருகின்றன. பன்றி விட்டுவைத்த மிச்சத்தைத்தான் நாம் விலைக்கு வாங்குகிறோம்.

டீக்கடையில் இந்தப் பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டுவார். அமெரிக்காவில் ஹெலிகாப்டரில் பறந்தபடி பன்றிக் கூட்டத்தைச் சுடும் வீடியோ. அது பொய்யில்லை. டெக்சாஸ் மாநிலம் 2011-ல் அதற்கென்றே சட்டம் போட்டது. 2017-ல் வெப்பக்காற்றுப் பலூனில் இருந்தும் சுடலாம் என்றது. பலூனில் ஏறிப் பன்றி சுட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ, சட்டம் என்னவோ இருக்கிறது. ‘அங்கே சுடுகிறான், இங்கே கல்லெடுத்து எறிந்தாலே கேஸ்’ என்பதுதான் வீடியோவை ஒட்டி வரும் வசனம்.

இரண்டு நாட்டுக் கதையும் ஒன்றல்ல. அமெரிக்க மண்ணில் ஆதியில் பன்றி கிடையாது. 1539-ல் ஃபுளோரிடாவில் வந்திறங்கிய ஸ்பானியத் தளபதி டி சோட்டோ படையின் உணவுக்காக ஓட்டிக்கொண்டு வந்த பன்றிகளில் தப்பியவை காட்டில் பெருகின. பிற்பாடு பணக்காரர்கள் வேட்டைச் சுகத்துக்காக ஐரோப்பாவிலிருந்து காட்டுப்பன்றிகளை இறக்கி விட்டார்கள். இரண்டும் கலந்து, இன்று சுமார் 35 மாநிலங்களில் 60 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று அந்நாட்டு வேளாண் துறை மதிப்பிடுகிறது. அங்கே பன்றி வந்தேறி. அதைத் தின்னப் பழகிய புலி அங்கே கிடையாது.

இங்கே பன்றி நமக்கு முன்பே இருந்தது. தினைப்புனத்துக்குப் பரண் கட்டிக் காவல் இருந்த காலத்திலேயே விரட்ட வேண்டிய விலங்குகளில் அதுவும் ஒன்று. புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்கும் அதுதான் இரை. அதை ஒழித்துவிட்டால் சிறுத்தை ஊருக்குள் ஆட்டைத் தேடி வரும்.

வந்தேறியை இங்கே வேறிடத்தில் தேட வேண்டும். காட்டை விட்டு வெகுதூரம் தள்ளி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் கரிசல் காட்டில் மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் பன்றி அழிக்கிறதே, அது பகலில் எங்கே படுத்திருக்கிறது? கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்துக்குள். ஆள் நுழைய முடியாத முள். நிழல் உண்டு, மழை பெய்தால் புரள்வதற்குச் சேறு உண்டு, எட்டின தூரத்தில் வயல் உண்டு. புலியும் இல்லை. அந்த மரம் மெக்சிகோவையும் அதைச் சுற்றிய நாடுகளையும் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் விறகுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. டெக்சாஸில் அதன் நெருங்கிய சொந்தக்கார மரம் மண்ணின் மரம், பன்றி அந்நியன். நம்மூரில் பன்றி மண்ணின் விலங்கு, அது ஒளியும் முள் அந்நியன். துப்பாக்கியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம் அந்த முள்ளைப் பற்றி நீதிமன்றம் அதட்டினால் மட்டும் பேசுகிறோம். கன்னியாகுமரியின் மேற்குப் பகுதியில் முள்ளுக்குப் பதில் வேறொரு மறைவு கிடைக்கிறது. விலை விழுந்து பால் வெட்டாமல் விட்ட ரப்பர் விளைகளில் அடிக்காடு ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறது.

சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொல்ல இரண்டு வழிகள் உண்டு. பிரிவு 62-ன்படி மத்திய அரசு ஒரு விலங்கை, குறிப்பிட்ட இடத்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும், அழிக்கத்தக்க தொல்லை உயிர் என்று அறிவிக்கலாம். 2016-ல் உத்தராகண்டில் காட்டுப்பன்றியை அப்படி அறிவித்தார்கள். அதே காலத்தில் பீகாரில் நீலான்களைச் சுட்டுத் தள்ளியபோது ஒரே அமைச்சரவைக்குள் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜவடேகருக்கும் மேனகா காந்திக்கும் பகிரங்கச் சண்டை மூண்டது. கேரளம் பலமுறை கேட்டும் பன்றி விஷயத்தில் மத்திய அரசு இறங்கவில்லை. இன்னொரு வழி பிரிவு 11: உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம்.

கேரளம் இந்த இரண்டாவது வழியில் போனது. 2022 மே மாதம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கௌரவக் காப்பாளர் பதவி கொடுத்து, துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போடுகிறார், இந்தப் பக்கம் முடியவில்லை என்று நம் விவசாயிகளுக்கு எரிச்சல் வந்தது அப்போதுதான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு தன் முடிவைச் சட்டமன்றத்தில் சொன்னது. அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி அறிவித்தது இது: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் திருப்பி விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், வனவர், ஊராட்சித் தலைவர் கொண்ட குழு ஊர் அளவில் இதைப் பார்க்கும். விவசாயி கையில் துப்பாக்கி கிடையாது.

உயிரியல் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு இது. அதில் நியாயம் இருக்கிறது. காட்டோரத்தில் சுட்டால் புலியின் இரையைச் சுடுகிறோம். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பன்றிக் கூட்டம் நிரந்தரமாகக் குடியிருந்தால் அது முள்காட்டில் பெருகிய கூட்டம். விருதுநகருக்கு இது பொருந்தும். கன்னியாகுமரியில் வைத்துப் பாருங்கள். இங்கே பன்றியால் மிகுதியாக இழப்பவர் தோட்டத்து வேலியிலேயே காட்டு எல்லைக் கல் நிற்கிற விவசாயி. அவருக்குச் சுடுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. அடுத்த வளையத்தில் பிடித்த பன்றியைக் கொண்டுபோய் விடுவதும் அவருடைய வேலிக்கு அந்தப் பக்கம்தான். ஒரு கிலோமீட்டர் ஓடுவது பன்றிக்கு ஒரு வேலையே இல்லை என்பது உத்தரவு எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

சட்டப்படி ஒன்றும் நடக்காத இடத்தில் சட்டத்துக்கு வெளியே நடக்கும். இலவச மின்சாரம் வரும் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, முழங்கால் உயரத்தில் வயலைச் சுற்றிவிட்டால் போதும். பன்றிக்கு வைத்த கம்பி பன்றி மட்டும் வரட்டும் என்று காத்திருக்காது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் இப்படி ஒரே வயலில் விழுந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனவர், பக்கத்து வயல்காரர், சில இடங்களில் கம்பி வைத்தவரே என்று மனிதர்கள் சாவதும் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு பத்தியாக வந்துபோகிறது. சூரியசக்தி வேலி அப்படியல்ல. அதில் பேட்டரியிலிருந்து விட்டுவிட்டு வரும் துடிப்பு உதறித் தள்ளும், கொல்லாது. அதையும் முறைப்படுத்தி, வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று 2023-ல் தமிழகம் விதிகள் கொண்டுவந்தது. ஆனால் அதற்குக் காசு வேண்டும், அடியில் புல் முளைத்துக் கம்பியைத் தொடாமல் செதுக்கிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். திருட்டுக் கம்பிக்கு இரண்டும் வேண்டாம்.

இன்னொன்று அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்து வைத்து வயலோரம் போடுவது; கடித்தால் வாய் சிதறும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் ஆற்றுத் தண்ணீரில் வாயை அமிழ்த்தபடி நின்றே செத்த கர்ப்பிணி யானையை உலகமே பார்த்தது. முதலில் அன்னாசிப்பழம் என்றார்கள், விசாரணையில் தேங்காய் என்று தெரிந்தது. அது யானைக்கு வைத்ததல்ல, பன்றிக்கு வைத்தது.

சரி, சுடுவதாகவே வைத்துக்கொள்வோம். சுட்டால் குறையுமா? ஒரு பெட்டைப் பன்றி நான்கு மாதத்துக்குள் ஈனும். ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள், தீனி நன்றாகக் கிடைத்தால் அதற்கு மேலும். பிறந்த குட்டி ஒரு வருஷத்துக்குள் தானும் தாயாகும். ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்பது டெக்சாஸ் ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களுக்கே அது எட்டவில்லை. கூட்டத்தை நடத்துவது வயதான பெட்டை. அதைச் சுட்டால் மற்றவை நாலு திசைக்கும் சிதறி, ஒரு வயலைக் கெடுத்த கூட்டம் நாலு வயலைக் கெடுக்கும். மிசௌரி மாநிலம் 2016-ல் தன் பொறுப்பிலுள்ள வனநிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. வேட்டைக்காரர்கள் கூட்டத்தைக் கலைக்கிறார்கள், சிலர் அடுத்த வேட்டைக்கென்று புதிய இடங்களில் பன்றியைக் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று கண்ட பிறகு எடுத்த முடிவு அது. அங்கே இப்போது பெரிய பட்டி போலக் கூண்டு அடித்து, பல நாள் சோளம் போட்டுப் பழக்கி, கூட்டம் மொத்தமும் உள்ளே வந்தபின் கதவை விழவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் வீடியோ அளவுக்கு இது பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் பலன் தருவது இதுதான். நம் உத்தரவின் நடு வளையத்திலும் ‘பிடித்து’ என்ற சொல் இருக்கிறது. கூண்டும் பழகிய ஆட்களும் ஒவ்வொரு வனச்சரகத்துக்கும் கிடைத்தால் அந்தச் சொல்லுக்கு உயிர் வரும்.

ஊர் தானாகக் கண்டுபிடித்த வழிகளும் உண்டு. முடிதிருத்தும் கடையிலிருந்து மயிரை அள்ளி வந்து வரப்பில் தூவுவார்கள். மோப்பம் பிடிக்க மூக்கை மண்ணில் வைக்கும் பன்றிக்கு அது நமைச்சல். பழைய சேலைகளை வேலி போலக் கட்டுவார்கள். மனித வாடையும் ஆடும் துணியும் கொஞ்ச நாள் ஏமாற்றும், பிறகு பன்றி பழகிவிடும். பழகாத ஒரே முறை காவல். மாடம் கட்டி, தீ போட்டு, தகரம் தட்டி, நாய்களோடு ஆள் தூங்காமல் கிடப்பது. அதற்கு வீட்டில் இளவட்டம் வேண்டும். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, எழுபது வயதுக்காரர் எத்தனை இரவு தகரம் தட்டுவார்?

இறைச்சி பற்றியும் சொல்லியாக வேண்டும். சுடப்பட்ட பன்றி, பிரிவு 39-ன்படி அரசின் சொத்து. கேரளத்தில் அதைப் புதைக்கிறார்கள். மலையோர மக்களுக்கு இது கொஞ்சமும் செரிக்கவில்லை. கண்ணப்பர் சிவனுக்கே படைத்த கறி அது. ஆனால் அனுமதித்தால் பயிரைக் காக்கச் சுடுவது போய்க் கறிக்குச் சுடுவது வரும், மிசௌரியில் நடந்தது இங்கேயும் நடக்கும். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் செத்து விழுந்தன. அந்தக் காய்ச்சல் மனிதனுக்கு ஒட்டாது, ஆனால் காட்டுக்கறியோடு ஊருக்குள் வந்தால் பண்ணைப் பன்றி வளர்ப்பவர்கள் ஒழிந்தார்கள். புதைப்பதே சரி என்பேன், விருப்பமில்லாமல்தான்.

திருவிளையாடலில் ஒரு படலம் உண்டு. விவசாயி ஒருவரின் பன்னிரண்டு பிள்ளைகள் சாபத்தால் பன்றிக்குட்டிகளாகப் பிறக்கிறார்கள். பாண்டியனின் வேட்டையில் தாய்ப்பன்றி சாக, சொக்கநாதரே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அடுத்த படலத்தில் அவர்கள் பாண்டியனுக்கு அமைச்சர்கள். உழவன், பன்றி, வேட்டை, அரசாங்கம் என்று நம் விவகாரத்தின் ஆட்கள் அத்தனை பேரும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். பயிர் மட்டும்தான் இல்லை.

முதல் வளையத்தில் சுட முடியாது என்பதை ஒத்துக்கொண்டால், அங்கே மிஞ்சுவது இழப்பீடும் வேலிக்கு மானியமும். காட்டைக் காப்பது ஊருக்கெல்லாம் நன்மை என்றால் அதன் செலவை ஓரத்தில் இருப்பவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. இழப்பீடு ஏட்டில் இருக்கிறது. ஆனால் கேட்டுப் போகிறவர் நிலத்தின் ஆவணங்களைக் காட்ட வேண்டும். மலையடிவாரத்தில் வாழையும் மரச்சீனியும் வைப்பவர்களில் நிறையப் பேர் பாட்டத்துக்கு எடுத்தவர்கள். அந்தப் பாட்டமும் வாய்ப்பேச்சு. நிலத்துக்காரரிடம் கையெழுத்துக் கேட்டால், பிற்பாடு குத்தகை உரிமை கேட்டு நிற்பானோ என்று அவர் தயங்குவார். ஆக, விளை அழிந்தது ஒருவருக்கு, விண்ணப்பிக்கத் தகுதி இன்னொருவருக்கு. வனவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இருக்கிற அதே குழுவிடம், சுடுவதா பிடிப்பதா என்று பார்ப்பதோடு, பயிர் வைத்தவர் யார் என்று சான்று தரும் வேலையையும் கொடுத்துவிட்டால் போதும். இதற்குத் தோட்டா கூடச் செலவாகாது.