சாக்லேட் காசு காத்த ஏரி

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் எங்கடின் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. இன் என்னும் ஆறு பிறந்து ஓடும் இடம் அது. பள்ளத்தாக்கு என்றதும் தாழ்ந்த இடம் என்று எண்ணிவிட வேண்டாம். ஏரிகள் இருக்கும் மேற்பகுதியின் தரையே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர். நம் தானா ராத்தாவைவிட உயரம்!

முதலில் முவோட்டாஸ் முராய்ல் என்ற மேட்டுக்கு ஏறிவிடுவோம். 1907 முதல் அங்கே மலை ரயில் ஓடுகிறது. உச்சியில் நின்று பார்த்தால் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். இடப்பக்கம் 4,049 மீட்டர் உயரமுள்ள பெர்னினா சிகரம், பனி மூடி நிற்கும்.

ஏரிகளில் பெரியது சில்ஸ் ஏரி. அதன் நீரை மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறக்கி மின்சாரம் எடுக்க ஒரு திட்டம் இருந்தது. ஏரிக்கரை ஊர்களோ ஏழை ஊர்கள். மின் நிலையம் வந்தால் வருமானம் வரும். 1946இல், சாக்லேட் பங்கீட்டில் கிடைத்த அந்த நாளில், பள்ளிப் பிள்ளைகள் தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசுகளை நாடெங்கும் விற்றார்கள். சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி அந்த ஊர்களுக்கு ஈடாகப் போயிற்று. ஏரி தப்பியது. அழகைக் காப்பாற்று என்று ஏழைக்கு உபதேசம் செய்வது எளிது. இவர்கள் ஈடும் கொடுத்தார்கள். அந்தக் காசு விற்பனை அதன் பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

இனி, சுவோட்ஸ் போன்ற ஊர்களின் பழைய வீடுகளைப் பார்ப்போம். குளிரைத் தடுக்கக் கனத்த கற்சுவர்; வெளிச்சம் உள்ளே வர, வெளிப்புறம் அகன்று உட்புறம் குறுகும் சிறு சன்னல். வைக்கோல் வண்டி முன்வாசல் வழியாகவே நுழைந்து, வீட்டைக் கடந்து, பின்னாலுள்ள களஞ்சியத்துக்குப் போகும். மாடுகள் கீழ்த்தளத்தில். சுவரில் சாம்பல் நிறச் சுண்ணச்சாந்து பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காயுமுன் கீறுவார்கள். கீறிய இடத்தில் சாம்பல் நிறம் தெரியும். பூவும் சூரியனும் மீனும் உருவாகும். சில சுவர்களில் ரோமான்ஷ் மொழி வாசகங்களும் உண்டு. மிகச் சிலரே பேசும் இம்மொழியை 1938இல் மக்கள் வாக்களித்துத் தேசிய மொழியாக்கினார்கள்.

இவ்வீடுகள் பலவற்றில் ஆண்டின் பெரும்பகுதி விளக்கெரிவதில்லை. விடுமுறைக்கு வரும் பணக்காரர் வாங்கிவிட்டார்கள். உள்ளூர் இளைஞருக்கு விலை எட்டவில்லை. 2012இல் நடந்த வாக்கெடுப்பு, எந்த ஊரிலும் இத்தகைய வீடுகள் நூற்றுக்கு 20ஐத் தாண்டக் கூடாது என்றது. ஆனால் அதற்கு முன் கட்டிய வீடுகளை யாரும் வாங்கி விடுமுறை வீடாக்கலாம். கோலம் கீறிய அந்தப் பழைய வீடுகளும் இதில் அடக்கம்.