ஜனவரியில் வெடித்த குழாய்க்கு மே மாதத்தில் யார் பொறுப்பு?

விக்ரோறியா தின நீண்ட வாரஇறுதிக்கு ட்ரெயிலரைத் தயார்படுத்தும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவரும். பம்பைப் போட்டால் நிற்காமல் இரைந்துகொண்டே இருக்கும். குழாயில் தண்ணீர் வராது, கட்டிலுக்குக் கீழே விரிப்பு நனைந்து கிடக்கும். குழாய் உடைந்தது ஜனவரிக் குளிரில். உள்ளே அழுத்தம் இல்லாததால் மே வரைக்கும் உடைப்பு வெளியே தெரியவில்லை.

உடைந்த நாளுக்கும் கண்ணில் பட்ட நாளுக்கும் இடையிலுள்ள இந்த மாதங்கள்தான் எல்லாத் தகராறுக்கும் காரணம். விற்றவர், சேர்விஸ் செய்த கராஜ், பனிக்காலத்துக்கு நிறுத்தி வைக்க இடம் கொடுத்தவர் என்று அதற்குள் பல கை மாறியிருக்கும். ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். பனிக்கு முன் தண்ணீரை வெளியேற்றுவது உரிமையாளரின் பராமரிப்புக் கடமை என்பதால், தயாரிப்பாளரின் உத்தரவாதம் உறைந்து ஏற்பட்ட சேதத்தைப் பொதுவாக ஏற்காது. காப்புறுதி ஒப்பந்தங்களிலும் உறைதல் பெரும்பாலும் விலக்குகளின் பட்டியலில்தான் இருக்கும். ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆகவே, தண்ணீரை வெளியேற்றிய ஒக்ரோபரில் எந்த வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது உங்கள் சட்டைப்பைப் பணத்தைப் பற்றிய கேள்வி.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ட்ரெயிலர்களில் இப்போது போடப்படும் பெக்ஸ் என்ற பிளாஸ்ரிக் குழாய் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இணைப்புகள், பம்பின் தலை, ரொய்லெற் வால்வு, வெளிப்பக்க ஷவர் எதுவும் கொடுக்காது. ஒன்ராறியோவில் நன்றி நவிலல் நாள், அதாவது ஒக்ரோபரின் இரண்டாவது திங்கட்கிழமை, கழிந்ததும் தண்ணீரை வெளியேற்றும் வேலையை முடித்துவிடுவது நல்லது. ஓரிரவு பூச்சியத்தைத் தொட்டுத் திரும்பினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பல மணிநேரம் கீழேயே நின்றால்தான் ஆபத்து.

முதலில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீற்றர். காஸையும் மின்சாரத்தையும் நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, சுடுதண்ணீர்க் குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே அடைப்பானைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் பாயும். ஹீற்றர் வெறுமையான பின் அதன் மின் சுவிற்சில் நாடா ஒட்டிவிடுங்கள். தண்ணீரில்லாத ஹீற்றரில் மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் கம்பி சற்று நேரத்திலேயே கருகிவிடும்.

அடுத்தது தரைக்குக் கீழே இருக்கும் வடிகால் வால்வுகள். சுடுதண்ணீருக்கு ஒன்று, குளிர்தண்ணீருக்கு ஒன்று, நன்னீர்த் தாங்கிக்குத் தனியாக ஒன்று. இவற்றோடு உள்ளே உள்ள எல்லாக் குழாய்களையும் திறந்துவிட வேண்டும். மேலே காற்றுப் போகாவிட்டால் கீழே தண்ணீர் முழுதாக இறங்காது. கைபிடி குழாயின் நீளவாட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாத சங்கதி கைபிடிக்கு உள்ளே இருக்கிறது. இத்தகைய வால்வுக்குள் நடுவில் துளையிட்ட உருண்டை ஒன்று சுழல்கிறது. முழுதாக மூடினால் அந்தத் துளைக்குள் ஒரு மிடறு தண்ணீர் சிறைப்பட்டுவிடும். முழுதாகத் திறந்தாலும் உருண்டைக்கும் உறைக்கும் இடையில் கொஞ்சம் தங்கும். வால்வை உடைக்க அவ்வளவே போதும். ஆகவே குழாய்களில் மிஞ்சும் தண்ணீரைக் காற்றால் ஊதி வெறுமையாக்குபவர்கள் வடிகால் கைபிடியைப் பாதியில், சாய்வாக நிறுத்திவிட வேண்டும்.

காற்றுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் விடுபவர்களுக்கு ஒழுங்கு வேறு. தண்ணீர் வடிந்ததும் வடிகால்களை மூடி, ஹீற்றரைத் தவிர்க்கும் பாதையைத் திறந்து, பிறகே பம்பால் இழுக்க வேண்டும். மூன்று வால்வு உள்ள ட்ரெயிலரில் ஹீற்றருக்குப் போவதும் வருவதும் மூடியிருக்க வேண்டும், நடுவில் இருப்பது திறந்திருக்க வேண்டும். சிலவற்றில் ஒரே ஒரு வால்வுதான், ஆகவே கைநூலில் உள்ள படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். நடு வால்வைத் திறக்க மறந்து மற்ற இரண்டையும் திறந்து வைத்தவர்களின் திரவமெல்லாம் வெறும் ஹீற்றருக்குள் போய், குழாய்களுக்குச் சேர வேண்டியது சேராமல் போகும். சுடுதண்ணீரிலும் குளிர்தண்ணீரிலும் ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறக்க வேண்டும், வெளிப்பக்க ஷவர் உட்பட. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கழுவுதொட்டிகளின் வடிகுழாய் வளைவுகளிலும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

சிறிய ட்ரெயிலருக்கு இரண்டு மூன்று கலன் போதும். வாங்கும்போது புரோப்பிலீன் கிளைக்கோல் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு விடும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. மிச்சமிருக்கிறது என்று அதைக் குடிதண்ணீர்க் குழாய்க்குள் விடுவது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

இதையெல்லாம் கராஜிடம் ஒப்படைப்பதில் தவறில்லை. ஆனால் பற்றுச்சீட்டில் 'பனிக்காலத் தயாரிப்பு' என்று ஒரே வரியோடு வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஹீற்றர் வடிக்கப்பட்டதா, காற்றா திரவமா, வெளிப்பக்க ஷவர் செய்யப்பட்டதா, எந்தத் திகதியில் என்று எழுதிக் கேளுங்கள். எடுத்துவரும் அன்றே வால்வுகளைப் படம்பிடித்து வையுங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எதை எழுதியும் அந்தப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. மதிப்பீடு தந்திருந்தால், நீங்கள் புதிய வேலைக்குச் சம்மதித்தாலன்றி அதற்குமேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக அறவிடவும் கூடாது.

மே மாதத்தில் கசிவு தெரிந்தால் பம்பை உடனே நிறுத்துங்கள். அடுத்து, எதையும் திருத்துவதற்கு முன் படம் எடுத்து, சேர்விஸ் செய்த இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது எங்கும் நிற்காது. உடைந்த துண்டை எறியாதீர்கள். அதைப் பார்த்து இன்னொரு திருத்துநர் எழுதித் தரும் இரண்டு வரி, உங்கள் பத்துப் பக்க முறைப்பாட்டைவிடப் பெறுமதியானது. பேசித் தீராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் இருக்கிறது. 2025 ஒக்ரோபர் 1 முதல் அங்கே 50,000 டொலர் வரை கோரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சேதம் தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் வழக்கைத் தொடுக்க வேண்டும்.

தனியாரிடம் பழைய ட்ரெயிலர் வாங்குபவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் குடை கிடையாது. அது கடைக்காரருக்கும் நுகர்வோருக்கும் இடையிலானது. பெப்ரவரியில் மலிவாகக் கிடைக்கிறது என்று போனால், தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. பனி கரைந்து சோதிக்கும்வரை ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வைப்பதாகவும், உறைந்த சேதம் இருந்தால் அதிலிருந்து கழிப்பதாகவும் விற்பனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் புதிய பம்பு, ஹீற்றர், இணைப்புகள், கூலி எல்லாவற்றையும் முன்கூட்டியே கழித்துவிட்டு விலை பேசுங்கள்.