பைக்காரா தண்ணீரும் பெங்குவின் வீட்டு விளக்கும்

கணினி விளையாட்டை வகுப்பில் எப்படித் தொடங்குவது என்று யோசிக்கும் நீலகிரி ஆசிரியருக்கு ஜிகாம்ப்ரி நல்ல தொடக்கம். 2000-இல் பிரான்ஸைச் சேர்ந்த புருனோ கூதுவான் தொடங்கிய மென்பொருள் இது. சிறு பிள்ளைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் கொண்டது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். பந்தலூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டு சிக்னல் போனாலும் பாடம் நிற்காது. லேப்டாப்பை முதல் நாளே சார்ஜ் போட்டு வைத்தால் கரண்ட் கட்டையும் சமாளித்துவிடலாம்.

அதில் ஒரு விளையாட்டு இந்த மலைக்கென்றே செய்தது போலிருக்கும். மீன் பிடித்துவிட்டு வீடு திரும்பும் டக்ஸ் என்ற பெங்குவினின் வீட்டில் விளக்கு எரியவில்லை. சூரியன், மேகம், அணை, காற்றாலை, சூரியத் தகடு, மின்மாற்றி என்று ஒவ்வொன்றாகத் தொட்டு மின்சாரத்தை வீடுவரை கொண்டுவர வேண்டும். வாசிக்க வேண்டியது குறைவு. வீட்டில் படுகு பேசும் பிள்ளையும் பணியர் மொழி பேசும் பிள்ளையும் எஸ்டேட் லயத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கும் வகுப்புக்கு இது பெரிய உதவி.

ஆனால் இந்த விளையாட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது: மலையின் உயரம். 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின் நிலையம் அணையடியில் இல்லை. மசினகுடிக்கு அருகே சிங்காராவில் இருக்கிறது. மேலிருந்து குழாய் வழியாக 900 மீட்டருக்கும் மேல் இறங்கிவரும் தண்ணீரின் வேகம்தான் அங்கே சக்கரத்தைச் சுற்றுகிறது. கோவை மில்கள் பெருகியதில் அந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்குண்டு. இதை டக்ஸ் சொல்லித் தராது, ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

ஆசிரியரை ஒதுக்கிவிட்டுக் கணினியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் குஜராத்தில் சான்று உண்டு. 2000-இல் வதோதரா மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு தலா நான்கு கணினிகள் தந்தது. பெரும்பாலானவை சும்மாவே கிடந்தன. பிறகு பிரதம் தொண்டு நிறுவனம் பயிற்றுநர்களை அனுப்பி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு விளையாடச் செய்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் இதை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். கணக்கில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. திட்டம் முடிந்த மறு ஆண்டே அதில் பெரும்பகுதி கரைந்தும் போனது.

அதே மாநிலத்தில் ஞானசாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் பொருளியலாளர் லீ லிண்டன் செய்த ஆய்வு இன்னும் முக்கியமானது. ஆசிரியர் நடத்தும் பாடத்துக்குப் பதிலாகக் கணினியை வைத்த இடத்தில் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பாடத்தோடு கூடுதலாக வைத்த இடத்தில், குறிப்பாகப் படிப்பில் தடுமாறும் பிள்ளைகள், முன்னேறினார்கள். எந்த விளையாட்டு என்று தேடுவதற்கு முன் ஆசிரியர்கள் இந்த ஒரு முடிவை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது என்பது தடையல்ல. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸில் டான் ராவிச் என்ற பயிற்சி ஆசிரியர், தாமும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'ஒரிகன் டிரெயில்' விளையாட்டை எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்குக் கொண்டுபோனார். திரைகூடக் கிடையாது. காகிதத்தில் அச்சடித்துப் பதில் தரும் ஒற்றை இயந்திரம்தான். பிள்ளைகளே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: தட்டச்சுக்கு ஒருவர், வரைபடத்துக்கு ஒருவர், கையிருப்புக் கணக்குக்கு ஒருவர்.

நம் வகுப்பில் மவுஸ் கெட்டிக்காரப் பிள்ளையின் கையிலேயே தங்கிவிடும். அதற்கு ஒரு விதி போதும்: மவுஸ் பிடித்திருப்பவர் முடிவெடுக்கக் கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டுமே அழுத்த வேண்டும். கை மாறிக்கொண்டே இருக்கட்டும்.

நாற்பது நிமிடப் பாடவேளையில் விளையாட்டுக்குப் பதினைந்து நிமிடம் தாராளம். தொடங்குமுன், 'நம்ம வீட்டு கரண்ட் எங்கிருந்து வருது?' என்று கேட்டு, வரும் பதில்களை எல்லாம், தப்பானவற்றையும் சேர்த்து, பலகையில் எழுதுங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, மேகத்தைத் தொடாமல் அணையை மட்டும் தொட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். முடிந்ததும் திரையை அணைத்துவிடுங்கள். திரை எரிந்துகொண்டிருக்கும்வரை பேச்சில் யாருக்கும் கவனம் இருக்காது. அதன் பிறகுதான் பைக்காரா, சிங்காரா, வீட்டு மீட்டர் என்று பிள்ளைகள் நோட்டில் வரைவது. பலகையில் இருக்கும் தங்கள் பழைய பதில்களை அவர்களே திருத்தட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஆசிரியர் அந்த விளையாட்டைத் தாமே முழுதாக விளையாடியிருக்க வேண்டும். எந்த இடத்தில் சிக்கும், எங்கே பிள்ளைகள் வெறுமனே எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பார்கள் என்பது கையேட்டில் கிடைக்காது. திறன்மிகு வகுப்பறை வந்துவிட்டது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் கிடைத்துவிட்டது. விளையாடிப் பார்க்க நேரம்தான் யாரும் ஒதுக்கித் தருவதில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் பதிவேடுகளையும் சுமப்பவரிடம், வீட்டுக்குப் போய்ப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கென்று விடலாம். கூடலூர் ஆசிரியரும் கோத்தகிரி ஆசிரியரும் பிள்ளைகளைப் போல இருவர் இருவராக உட்கார்ந்து, டக்ஸ் வீட்டு விளக்கை ஒருமுறை எரியவைத்துப் பார்க்க அந்த அரை மணி போதும்.