மாவுக்கட்டுக்குள் கால் சூம்புவது ஏன்?

கரூர்–திண்டுக்கல் நான்கு வழிச்சாலையை ஒட்டிய வேடசந்தூர்ப் பக்கத்தில் மாவுக்கட்டு யாருக்கும் புதிதல்ல. பைக் சறுக்கியோ, தோட்டத்து வரப்பில் கால் பிசகியோ கணுக்கால் எலும்பு முறிந்தால் ஆறு வாரம்போலக் கட்டு இருக்கும். பிரிக்கும் நாளில் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கும். ஆனால் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது வேறு: "கால் இப்படிச் சூம்பிப்போச்சே!" நடமாடத் தொடங்கியதும் இன்னொன்றும் தெரியவரும். பால் கறக்கக் குத்தவைத்து உட்கார்ந்தால், அந்தக் காலின் குதிகால் மட்டும் தரையில் படாது.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறுவேறு. முதலாவது, தசையின் பருமன் குறைந்தது. இரண்டாவது, தசையின் நீளம் குறைந்தது. இரண்டையும் சரிசெய்யும் வழியும் வேறு.

பருமன் குறைவது எப்படி?

தசையில் உள்ள புரதம் தினமும் கொஞ்சம் கரையும். அதே அளவு புதிதாகச் சேரும். வேலை இல்லாத தசையில் புதிதாகச் சேருவது சில நாட்களிலேயே குறைந்துவிடுகிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு காலில் கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், 5 நாளில் முன்தொடைத் தசையின் பருமன் 3.5 சதவீதமும் 14 நாளில் 8.4 சதவீதமும் குறைந்திருந்தது. தசையின் பலமோ 5 நாளில் 9, 14 நாளில் 23 சதவீதம் போயிருந்தது.

பருமனைவிடப் பலம் வேகமாகப் போகக் காரணம், தசையை முழுமூச்சாக இயக்கும் பழக்கத்தை நரம்புகளும் இழப்பதுதான். அதனால் பார்வைக்குச் சுமாராகத் தெரியும் கால்கூட மாடிப்படியில் மடங்கிவிடலாம். நிற்கவும் நடக்கவும் நம்மைத் தாங்கும் முன்தொடையும் கெண்டைக்காலுமே அதிகம் மெலியும் தசைகள்.

நீளம் குறைவது எப்படி?

தசைநார் ஒவ்வொன்றுக்குள்ளும் சார்கோமியர் என்ற நுண்ணிய அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கின்றன. ஒன்றின் நீளம் சுமார் 2.5 மைக்ரான், ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 400 அடங்கும். எரியோடு ஸ்டேஷனைக் கடக்கும் கூட்ஸ் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அளவு மாறுவதில்லை. பெட்டிகளைச் சேர்த்தால் வண்டி நீளும், கழற்றினால் குறுகும். தசையும் அப்படியே தன் நீளத்தை மாற்றிக்கொள்கிறது.

ஏன் மாற்ற வேண்டும்? சார்கோமியர் ஒரு குறிப்பிட்ட நீளத்தில் இருக்கும்போதுதான் அதிக விசை தரும். மிகவும் இழுபட்டாலும் சுருங்கினாலும் விசை குறையும். தசையைச் சுருங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் வைத்தால், உடல் சில அலகுகளைக் கழற்றிவிட்டு மற்றவற்றைச் சரியான நீளத்துக்குக் கொண்டுவருகிறது. இழுத்த நிலையில் வைத்தால் புதிய அலகுகளைச் சேர்க்கிறது.

இதை 1972இல் பிரெஞ்சு ஆய்வாளர் தபாரியும் உடனிருந்தோரும் பூனைகளில் எண்ணியே காட்டினார்கள். நான்கு வாரம் சுருங்கிய நிலையில் கட்டப்பட்ட கெண்டைக்கால் தசையில் அலகுகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. இழுத்துக் கட்டிய தசையில் சுமார் 20 சதவீதம் கூடின. கட்டைப் பிரித்து நான்கு வாரத்தில் எண்ணிக்கை பழையபடி ஆனது. மனிதரில் அளவு இதே போல இருக்க வேண்டியதில்லை, போக்கு இதுதான்.

சுருங்கிய தசையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தசைநார்களைச் சுற்றியுள்ள உறைத்திசுவின் பங்கு கூடுவதால் தசை விறைத்துப்போகிறது. குதிகால் தரையில் படாததற்கு இதுவும் காரணம்.

கட்டும் கோணம்

பாதம் கீழ்நோக்கித் தொங்கினால் கெண்டைக்கால் சுருங்கிய நிலையில் இருக்கும். அதனால்தான் கணுக்காலைப் பெரும்பாலும் 90 டிகிரியில் வைத்துக் கட்டுகிறார்கள். குதிகால் தசைநாண் அறுந்தவர்களுக்கு மட்டும், அறுந்த முனைகள் சேர, வேண்டுமென்றே பாதத்தைத் தாழ்த்திக் கட்டுவார்கள். எனவே கோணத்தை நாமாக மாற்றக் கூடாது.

இதே தன்மையை மருத்துவம் சாதகமாகவும் பயன்படுத்துகிறது. தொழுநோயால் மடங்கிய கைகளை வேலூர் சி.எம்.சி.யில் சீர்செய்த டாக்டர் பால் பிராண்ட், இறுகிய விரல்களுக்குக் கட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் படிப்படியாக நிமிர்த்தினார். தசை மட்டுமின்றித் தோலும் மூட்டைச் சுற்றிய திசுவும் மெதுவான, தொடர்ந்த இழுப்புக்கு இணங்கும்.

செய்ய வேண்டியவை

கட்டு இருக்கும்போது, வெளியே தெரியும் விரல்களை அடிக்கடி அசைக்கலாம். மருத்துவர் அனுமதித்தால், காலை அசைக்காமலே முன்தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடலாம். முட்டை, பருப்பு, நிலக்கடலை, பால் என்று தினமும் புரதம் சேரட்டும். நாட்டுக்கட்டோ ஆஸ்பத்திரிக் கட்டோ, அது அளவுக்கு மீறி இறுகாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் போகாமல் சில மணி நேரத்தில் செத்துவிடும் தசை, மேலே சொன்னதுபோலத் திரும்பி வளராது.

கட்டுப் பிரித்தபின் எண்ணெய் தேய்த்து வலுக்கட்டாயமாக உருவிவிடுவது வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தொடவே கூடாது. மருத்துவர் சரி என்றதும், காலை நீட்டி உட்கார்ந்து, முன்பாதத்தில் துண்டைப் போட்டு மெல்ல இழுத்துப் பிடிக்கலாம். ஒரே நாளில் பலமாக இழுப்பதைவிடத் தினமும் செய்வதே பலன் தரும். அலகுகள் சேர வாரங்கள் பிடிக்கும். இழந்த பருமனுக்கோ நீட்டுவது போதாது. எடை தாங்கும் பயிற்சி தேவை. வயதானவர்களுக்குக் கூடுதல் காலம் ஆகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே கிடைக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

கட்டைப் பிரிக்கும் நாளில் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: காலில் எவ்வளவு எடை போடலாம்? எந்தத் தசையை நீட்ட வேண்டும், எதற்குப் பலம் சேர்க்க வேண்டும்? எப்போது குத்தவைத்து உட்காரலாம்?